தீம் பார்க்குக்குக் குறுக்கே வந்த புயல்

சென்னையில் விமானம் இறங்கியபோது வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. வெளியே வந்தால், என் பெட்டியைத் தூக்கிக்கொண்டே டாக்சிக்காரர் கேட்ட முதல் கேள்வி, "இன்னாம்மா, புயல் வர்ற நேரமாப் பாத்து வந்துகீறீங்க?" என்பதுதான்.

"எந்தப் புயல்?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கார்த்திகை மாதத்தில் செங்கல்பட்டுப் பக்கம் வருகிறவள் கேட்கிற கேள்வியா அது? கல்யாண வீட்டுக்கு வந்து யாருக்குக் கல்யாணம் என்று கேட்ட மாதிரி ஆகிவிட்டது.

நான் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். கிளம்புவதற்கு முன்பு தொடர்ந்து இரவுப் பணி. பெட்டி எடை கூடிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டேனே தவிர, வங்காள விரிகுடாவில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

"அந்தமானாண்ட கீதும்மா. நேத்து வரிக்கும் சும்மா படுத்துகினு இருந்துது. இப்ப எழுந்து நடக்குது," என்றார் அவர், ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே காரை நுழைத்தபடி.

"எங்க வரும்?"

"அது அதுக்கே தெரியாது. ஒருத்தன் நெல்லூருன்றான், ஒருத்தன் மகாபலிபுரம்ன்றான்."

மகாபலிபுரம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் லீவு வாங்கிக்கொண்டு வந்ததே மகாபலிபுரம் போகிற வழியில் கடலோரச் சாலையில் இருக்கிற தீம் பார்க்குக்கு என் மகளைக் கூட்டிப் போகத்தான். இப்படிப் பச்சையாகச் சொன்னால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். ஆனாலும் உண்மை அதுதான்.

ஜெனிக்கு ஒன்பது வயது. ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்த பெண் அங்கே ரோலர் கோஸ்டரில் போய்வந்து அளந்த கதையைக் கேட்டுவிட்டு, எனக்கும் வேண்டும் என்று ஃபோனில் அழுதாள். அடுத்த லீவுக்கு வரும்போது கூட்டிப் போகிறேன் என்றேன். அந்த லீவில் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. அதற்கடுத்த லீவில் என் மாமியார் தவறிவிட்டார். ஒவ்வொரு முறையும் விமான நிலைய வாசலில் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவ வருவேன் இல்ல, அப்ப கண்டிப்பா தீம் பார்க் போறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுவேன்.

இந்த வருஷம் ஃபோனில் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. குழந்தை நச்சரிக்கும்வரை கவலையில்லை. நச்சரிப்பை நிறுத்திவிட்டால், அம்மா சொல்வது நடக்காது என்று முடிவுகட்டிவிட்டாள் என்றுதானே அர்த்தம்? இந்தத் தடவையும் பொய்யாகிப்போனால் இனி அவள் என்னிடம் எதையுமே கேட்க மாட்டாள் என்று பயந்தேன். கிடைத்தது சின்ன லீவு. ஞாயிற்றுக்கிழமை திரும்பும் விமானம். நடுவில் ஒரே ஒரு நல்ல நாள் கிடைத்தால் போதும். அந்த ஒரு நாளைத்தான் புயல் கேட்டது.

கூடுவாஞ்சேரியில் எங்கள் தெரு ஏரியை ஒட்டிப் போடப்பட்ட மனைகளில் இருக்கிறது. அதாவது, ஏரியிலேயே இருக்கிறது என்று மழைக்காலத்தில் தெரியும். வாசலில் ஜெனி நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று பார்த்தால், "வாம்மா" என்று விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுவிட்டு என் கைப்பையை வாங்கிக்கொண்டாள். நான் வாங்கிவந்த கவுன் அவளுக்கு முழங்காலுக்கு மேலே நின்றது. ஃபோனில் பார்க்கும்போது இடுப்புக்கு மேலேதானே தெரிகிறது, அளவு எப்படித் தெரியும்? தலை பின்னிவிட உட்காரச் சொன்னேன். நானே பின்னிக்குவேன் என்றாள்.

இது இரண்டு ஆண்கள் நடத்துகிற வீடு. என் கணவர் டேவிட் மின்வாரியத்தில் லைன்மேன். புயல் என்றால் அவருக்கு அறுவடைக் காலம், வீட்டுப் பக்கமே தலை வைக்க முடியாது. அவருடைய தம்பி எட்வின் ஒரு செல்ஃபோன் கடையில் வேலை பார்க்கிறான். ஆனால் மனசெல்லாம் வானிலையில்தான். ஃபோனில் கலர் கலராகச் சுழல்கிற படத்தை வைத்துக்கொண்டு, ஐரோப்பாக்காரன் கணக்கு இப்படி, அமெரிக்காக்காரன் கணக்கு அப்படி என்று வகுப்பெடுப்பான். புயலுக்கு ஏதோ ஒரு பேர் வைத்திருந்தார்கள். வாயில் நுழையவில்லை என்று அவன் மரியாதையாக 'இவரு' என்றே சொன்னான்.

"அண்ணி, இவரு இன்னும் ஒரு முடிவுக்கு வரல. நின்னு நிதானமா வர்றாரு. அப்டி வர்றவருதான் டேஞ்சரு."

"சனிக்கிழமைக்குள்ள போய்டுமா, எட்வின்?"

"அத்த சொல்ல முடியாது அண்ணி."

ஜெனி அவன் தோளில் தாடையை வைத்துக்கொண்டு அந்தச் சுழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வருமா, வராதா சித்தப்பா?" என்று கேட்டாள். வருகிற மாதிரிதான் தெரிகிறது என்றான். அவள் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள். பாவம், ஏமாறுவதற்கு இப்போதே பழகிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலையில் கலெக்டர் பள்ளிகளுக்கு லீவு விட்டுவிட்டார். ஜெனி போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. இந்த ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு: லீவு விட்டால் மழை வராது. அன்றைக்கு அது அட்சரம் பிசகாமல் நடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. நான் துவைத்துப் போட்ட துணி காய்ந்து மொடமொடவென்று ஆனது. எட்வின் வாங்கிவந்த இட்லியையும் வடகறியையும் சாப்பிட்டுவிட்டு, சரி, இன்றைக்கே போய்விடலாம் என்று ஜெனியைக் கிளப்பினேன். அவள் சாவகாசமாக ஷூ தேடினாள். ஒரு ஷூ கிடைப்பதற்குள் என் ஃபோனில் தகவல் வந்துவிட்டது. புயல் எச்சரிக்கை காரணமாகப் பூங்கா மறு அறிவிப்பு வரும்வரை மூடப்படுகிறது, டிக்கெட் வேறு நாளுக்குச் செல்லும்.

ஜன்னல் வழியே பளபளவென்று வெயில் அடிக்கிறது, கையில் இந்தச் செய்தி. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கேஸ் அடுப்பைத் துடைத்தேன். ஏற்கனவே துடைத்த அடுப்புதான்.

மஸ்கட்டிலும் புயல் வரும். அங்கே எல்லார் ஃபோனிலும் ஒரே சமயத்தில் அலறுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அரபியிலும் ஆங்கிலத்திலும் வெளியே போகாதே என்று எழுதியிருக்கும். ஜனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நம் ஊரில் புயல் என்றால் ஒன்று கடலைப் பார்க்கக் கிளம்புவார்கள், இல்லை காரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போவார்கள்.

இந்தப் பாலம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் வந்தபோது கார்களெல்லாம் கண்ணாடிவரை முழுகிப்போயின. அதிலிருந்து, புயல் என்று காதில் விழுந்தால் போதும், சுற்றுப்பட்ட நகர்களில் உள்ளவர்கள் கார்களைக் கொண்டுபோய் ரயில்வே மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். யாரும் சொல்லித் தரவில்லை, அதுவாக ஏற்பட்ட வழக்கம். முன்கண்ணாடிக்கு உள்ளே ஓர் அட்டையில் பேரையும் ஃபோன் நம்பரையும் எழுதி வைத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் சட்டம்.

சாயங்காலம் எட்வினும் தன் காரை எடுத்தான். தவணையில் வாங்கிய சின்னக் கார். எங்களைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போவதாக இருந்ததும் அதே கார்தான்.

"இப்பவே ஏன்டா? வெயில் அடிக்குதே," என்றேன்.

"அண்ணி, இப்ப போனாதான் நல்ல எடம் கெடைக்கும். லேட்டாப் போனா சரிவுலதான் நிக்கணும்."

நானும் ஜெனியும் கூடப் போனோம். பாலத்தின் மேலே திருவிழா மாதிரி இருந்தது. ஒருவர் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினார். எட்வின் நடுப்பாலத்தில் கைப்பிடிச் சுவரை ஒட்டி இடம் பிடித்து, குருத்தோலைச் சிலுவையை ஸ்டியரிங் மேல் வைத்துக் கும்பிட்டான். இடம் கிடைத்த சந்தோஷத்தில் அவன் முகமெல்லாம் பல். அவனுக்கு முன்னும் பின்னும் பக்கத்திலும் கார்கள் வந்து நின்றுகொண்டே இருந்தன. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை விடியும்போதே ஊர் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு கொட்டியது. தென்னை மட்டைகள் கூரைகளில் விழுந்தன. கரண்ட் போனது. தெருவில் தண்ணீர் வாசற்படிக்குக் கீழே வந்து நின்று எட்டிப் பார்த்தது. டேவிட் கொட்டும் மழையில் நனைந்த கோழி மாதிரி வந்து, ரசம் சாதத்தை நின்றுகொண்டே விழுங்கினார்.

"நீ ஊருக்கு வந்த நேரம் பாத்தியா ரீட்டா? ஒன்னாண்ட ஒக்காந்து ஒரு வார்த்த பேச முடியல," என்றார்.

"நீங்க பத்திரமா வந்தா போதும் மாமா. கம்பத்துல ஏறும்போது பாத்து ஏறுங்க."

அவர் போன பிறகு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். ஹாலில் இருந்து அடுப்படி, அடுப்படியில் இருந்து ஹால். ஃபோனில் சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது. மஸ்கட்டுக்குக் கூப்பிட்டு, எங்கள் வார்டு பொறுப்பில் இருக்கும் மலையாள சிஸ்டரிடம் இன்னும் சில நாள் லீவு கேட்டேன். அவர் மலையாளத்தில் அன்பாகவே சொன்னார்: "ரீட்டா மோளே, நீ வந்தால்தான் ஜின்ஸி லீவில் ஊருக்குப் போக முடியும். அவளுக்கும் ஒரு குழந்தை இருக்கிறதல்லவா?" அதற்கு மேல் என்ன கேட்பது? என் ஒரு நாளுக்காக இன்னொரு பிள்ளையின் நாளைப் பிடுங்குகிற அளவுக்கு நான் இன்னும் போகவில்லை.

ஃபோனை வைத்துவிட்டு ஜெனியிடம், "சனிக்கிழம எப்டியும் போய்டலாம், கவலப்படாத," என்றேன்.

"நா கவலப்படலியே," என்றாள். கருவாட்டுக் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். அந்த நிதானம்தான் எனக்கு வலித்தது. ராத்திரி ஜெபத்தில் இந்தப் புயலை வேறு பக்கம் திருப்பிவிடு ஆண்டவரே என்று வாய்விட்டே கேட்டேன். நெல்லூர்க்காரர்களிடம் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். ஜெனி கண்ணை இறுக மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள்.

ஆண்டவர் கேட்டார் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எட்வின் மாடியில் இருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தான். "அண்ணி! இவரு வடக்கால திரும்பிட்டாரு! நம்மள உட்டுட்டாரு!" சாயங்காலம் பூங்காவில் இருந்தும் தகவல் வந்தது. சனிக்கிழமை திறக்கிறார்கள். மழை இருக்கலாம், காற்றைப் பொறுத்துச் சில விளையாட்டுகள் நிறுத்தப்படலாம். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. திறக்கிறார்கள் என்பது மட்டும்தான் பட்டது. ராத்திரியே புளிச்சாதம் கட்டிவைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் தூறலில் பாலத்துக்குப் போனோம். எட்வினின் கார் அங்கேதான் இருந்தது. நடுவில், பத்திரமாக, ஒரு கீறல் இல்லாமல். சுற்றிலும் இரண்டு வரிசைக்குக் கார்கள். எறும்பு நுழைகிற இடமில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று சும்மாவா சொன்னார்கள்?

பின்னால் அடைத்துக்கொண்டு நின்ற பெரிய வெள்ளைக் காரின் அட்டையில் இருந்த நம்பருக்கு எட்வின் ஃபோன் செய்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், நாங்க மதுரைல இருக்கோம்ல. லீவு விட்டாய்ங்கன்னு ஊருக்கு வந்துட்டோம்," என்றது மறுமுனை.

"சாவி சார்?"

"சாவியும் மதுரைலதான் சார் இருக்கு. திங்கக்கெழம வந்துருவேன். வண்டிக்கு ஒண்ணும் ஆகலேல?"

எட்வின் தலையில் அடித்துக்கொண்டான். "நல்ல எடம், நல்ல எடம்னு சொல்லி மாட்டிக்கினேன் அண்ணி. சரிவுல உட்டவன்லாம் எட்த்துகினு போய்ட்டான் பாருங்க." அழுதுவிடுவான் போலிருந்தது. அவனைத் திட்ட வாய் வரவில்லை. ஜெனியைப் பார்த்தேன். அவள் காரின் கூரையில் தேங்கிய தண்ணீரில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப போகலியாம்மா?" என்றாள்.

"போறோம்," என்றேன். "பஸ்ஸுல போறோம். வா."

குறுக்கு வழியான கேளம்பாக்கம் சாலையில் முழங்கால் தண்ணீர் என்றார்கள். அதனால் மின்சார ரயில் பிடித்துச் செங்கல்பட்டு போய், அங்கிருந்து மகாபலிபுரம் பஸ். எட்வின் வீட்டில் மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்கத் தங்கிவிட்டான். நானும் மகளும் மட்டும். அவளோடு தனியாக நான் எங்கேயும் போனதில்லை என்பது ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஸ்கூல் எப்படி என்று கேட்டேன், நல்லா இருக்கு என்றாள். ஃபோனில் பேசுகிற அதே பேச்சு. கொளவாய் ஏரி ரயிலுக்குப் பக்கத்திலேயே கடல் மாதிரி வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் மசால் வடை வாங்கினேன். எண்ணெய் சொட்டச் சொட்ட, சோம்பு மணத்தோடு, நாக்கைச் சுட்டது. மஸ்கட்டில் எங்கள் விடுதிக்குக் கீழே இருக்கிற கடையிலும் வடை விற்கிறார்கள். அதை வடை என்று சொன்னால் வடைக்குக் கோபம் வரும். ஜெனி மூன்று தின்றாள். பஸ் வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. நான் டைம் கீப்பர் அறைக்கும் பெஞ்சுக்கும் நடந்துகொண்டிருந்தேன். "ஒக்காரும்மா, தல சுத்துது," என்றாள் ஜெனி.

பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் ஒரு மீன்கார அம்மா காலி அன்னக்கூடையோடு உட்கார்ந்தார். மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். நாலு நாளாகக் கட்டுமரம், ஃபைபர் படகு எதுவும் இறங்கவில்லையாம். செங்கல்பட்டில் இருக்கிற மகள் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறார்.

"எங்கம்மா போறீங்க இந்த மழைல?"

"தீம் பார்க்குக்கு. புயல்தான் போயிடுச்சே," என்றேன்.

"யாரு சொன்னா?"

"டி.வி.ல சொன்னாங்க."

"போயிருக்கும், போயிருக்கும்," என்றார் அந்த அம்மா, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில். "எம் புள்ள ஃபோன் போட்டான். அல இன்னும் கருப்பாத்தான் கீதாம். படக இன்னும் மேல இஸ்த்துப் போட்டுகினு கீறானுங்க."

திருக்கழுக்குன்றம் மலை மழைக்குள் மறைந்தும் தெரிந்தும் போய்க்கொண்டிருந்தது. வயல்கள் எங்கும் தண்ணீர். ஒரு திருப்பத்தில் மரம் விழுந்து கிடக்க, கண்டக்டரும் பயணிகளுமாக இறங்கிக் கிளையை வெட்டி ஓரம் கட்டினார்கள். நானும் இறங்கி ஒரு கிளையைப் பிடித்து இழுத்தேன். "நீங்க ஏம்மா?" என்றார் கண்டக்டர். எனக்குச் சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

அங்கேதான் எட்வினின் ஃபோன் வந்தது. "அண்ணி, எங்ககீறீங்க? இவரு நின்னுட்டாரு அண்ணி. கடல்லயே நின்னுகினு திரும்பவும் கீழ பாத்து வர்ற மாரி கீது. எந்தப் படத்துலயும் இப்டி இல்ல. வந்துடுங்க அண்ணி."

"வந்துட்டோம்டா, பக்கத்துல வந்துட்டோம்," என்று வைத்துவிட்டேன்.

"புயல் திரும்பி வருதாம்மா?" என்றாள் ஜெனி. காலையில் இருந்து இல்லாத ஒரு துடிப்பு அவள் குரலில்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சித்தப்பா சும்மா பயமுறுத்துவான்."

மகாபலிபுரத்தில் இறங்கியபோது காற்று குடையைப் பிடுங்கியது. கடற்கரைப் பக்கம் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம் அலையை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. சுட்ட சோளம் விற்கிறவர் தார்ப்பாய்க்குள் குந்தி வியாபாரம் பார்த்தார். நாங்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். போகிற வழியெல்லாம் டிரைவர், "தொறந்துகீதா இல்லியான்னு கேட்டுகினு வந்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

திறந்திருந்தது. வாசலில் துணி பேனர்களையெல்லாம் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார்கள். உள்ளே ஆள் குறைவு. உயரம் அளக்கிற கம்பத்தின் கீழே ஜெனியை நிறுத்தினார்கள். கோட்டுக்கு மேலே தலை இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வளர்ந்ததற்கு நானா காரணம்? ஆனாலும் பெருமையாக இருந்தது.

ரோலர் கோஸ்டர் நின்றுகொண்டிருந்தது. தகரக் கொட்டகையின் கீழே காத்திருக்கச் சொன்னார்கள். காற்று தணிந்தால் விடுவார்களாம். எங்களுக்குப் பின்னால் ஒரு தெலுங்குக் குடும்பம். அந்த மனிதர் மனைவியிடம் சொன்னது எனக்குப் புரிந்தது: "நெல்லூரில் அடிக்கும் என்று சொன்னார்களே என்று உங்களை இங்கே ஓட்டிக்கொண்டு வந்தேன். அது விலாசம் கேட்டுக்கொண்டு என் பின்னாலேயே வருகிறது." மனைவி சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். என் ஜெபத்துக்கு இந்த மனிதர் பதில் கேட்கவில்லையே என்று நிம்மதியாக இருந்தது.

புளிச்சாதத்தைத் தின்று முடித்தோம். மழை வந்தது, நின்றது, வந்தது. நான் எழுந்து போய் ஊழியரிடம் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து போனேன். "மேடம், நீங்க நடந்தத நேரா நடந்திருந்தா மெட்ராஸுக்கே போயிருக்கலாம்," என்றார் அவர்.

பிறகு சட்டென்று காற்று விழுந்தது. மரங்கள் அசையாமல் நின்றன. ஊழியர்கள் காற்றை அளக்கிற கருவியைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். "காத்து கொறஞ்சிகீது. ஒரே ஒரு ரவுண்டு உடுவோம். அப்றம் பார்க்கையே மூடறோம், எல்லாரும் கெளம்பிடணும். வாங்க, வாங்க."

கூட்டம் எழுந்து ஓடியது. நான் ஜெனியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டேன். அம்மை, சாவு, புயல், மதுரைக்காரர் சாவி எல்லாவற்றையும் தாண்டி இதோ வந்துவிட்டோம். எங்களுக்கு முன்னால் ஆள் குறைந்துகொண்டே வந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த என் விரல்கள் பழக்க தோஷத்தில் நாடி இருக்கிற இடத்துக்குப் போய்விட்டன. தறிகெட்டு அடித்துக்கொண்டிருந்தது. கையும் ஜில்லென்று இருந்தது.

குனிந்து, "பயமா இருக்காடி?" என்றேன்.

"இல்ல."

"பயமா இருந்தா சொல்லு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"பயம்லாம் இல்லம்மா."

"பின்ன ஏன் இப்டி அடிச்சிக்குது?"

அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "இன்னிக்கி இதுல ஏறிட்டம்னா, அப்றம் நீ எதுக்கும்மா வருவ?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது வரிசை நகர்ந்துவிட்டது, பின்னால் இருந்தவர் என் மேல் இடித்தார். அடுத்த தடவை வருவேன், தீம் பார்க் போறோம். வருஷா வருஷம் ஒரே மூச்சில் நான் சொன்னதை, அவள் ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். பார்க் பாக்கி இருக்கும்வரை அம்மா வருவாள். புயல் போக வேண்டும் என்று நான் முட்டிபோட்ட அதே பாயில், வர வேண்டும் என்று அவள் முட்டிபோட்டிருந்தாள்.

"அடியே, நா ஒன்னப் பாக்கத்தான வரேன்? பார்க்குக்கா வரேன்?" என்றேன்.

"தெரியும்," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருந்தாலும்," என்றாள்.

"மேடம், ரெண்டு சீட்டு கீது. ஏர்றீங்களா, இன்னா?" என்றார் ஊழியர்.

ஏறினால் நான் சொன்ன சொல் நிற்கும். அதற்காகத்தான் கடல் தாண்டி வந்து, கிளை இழுத்து, கொட்டகையில் கால் கடுக்க நடந்தேன். ஜெனி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த வருஷம் வர்றோம் சார்," என்றேன்.

அவர் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார். நாங்கள் ஒதுங்கி வழி விட்டோம். நெல்லூர்க்காரரும் அவர் மனைவியும் போய் உட்கார்ந்தார்கள். கம்பி இறங்கியது. பெட்டிகள் கடகடவென்று மேலே ஏறின, பிறகு எல்லாரும் ஒன்றாக அலறினார்கள்.

வெளியே வந்தபோது காற்று மறுபடி எழுந்திருந்தது. குடை உதவவில்லை. ஆட்டோ நிற்கிற இடத்துக்கு நனைந்துகொண்டே ஓடினோம். ஜெனி என் கையை விடவில்லை. இடையில் நின்று, என்னைக் குனியச் சொல்லி, மழைச் சத்தத்தில் கேட்க வேண்டும் என்று காதுக்குள் கத்தினாள்.

"அடுத்த தடவயும் மழக் காலத்துலயே வாம்மா."